விடுதியில் இருக்கிறேன், பேர்சரி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது: வருமான விபரத்தை எப்படித் திருத்துவது?

ஒட்டுசுட்டான் மாணவி:
வணக்கம். முதலாம் வருடம், பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறன். மகாபொலப் புலமைப்பரிசில் பட்டியலில் பெயர் இல்லை. பேர்சரிக்கு (வருமானம் குறைஞ்ச மாணவருக்குக் குடுக்கிற உதவித்தொகை) போட்ட விண்ணப்பம் "வருமான விபரம் முழுமையில்லை" எண்ட குறிப்போட திரும்பி வந்திருக்கு. திருத்திக் குடுக்க இரண்டு கிழமை தவணை.

அப்பா 2009இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுக்கேல்லை, அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிட்டன். அம்மா தோட்டக் கூலி. 2 ஏக்கர் வயல், காலபோகம் (மாரிப் போகம்) மட்டும்தான். தம்பி ஏ.எல்., தங்கச்சி 11ஆம் ஆண்டு. அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) கிடைக்குது. கிராம சேவகர் தந்த கடிதத்தையும் இணைச்சிருந்தன்.

எது பிழை? விடுதியில இருக்கிறவைக்குப் பேர்சரி குடுக்க மாட்டினம் எண்டு சீனியர் அக்காக்கள் சொல்லுகினம், உண்மையா? அப்பாவின்ர கட்டத்தில என்ன எழுதுறது?

கோப்பறை:
தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தகப்பனார் பற்றிய கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. வெறுமையாக இருந்தால் கோப்பைப் பார்ப்பவர், தகப்பனின் வருமானம் மறைக்கப்பட்டதா விடுபட்டதா என்று தெரியாமல் திருப்பி அனுப்புவார். "2009ஆம் ஆண்டு முதல் காணாமற்போனவர், வருமானம் இல்லை" என்று முழுவதுமாக எழுதுங்கோ.

இதற்காக மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மரணப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு இல்லாமலே பதிவாளர் நாயகம் தனியான ஒரு சான்றிதழ் வழங்க வழி இருக்கிறது. வீட்டில் அது ஏற்கெனவே இருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதியை இணையுங்கோ. இல்லையென்றால் இந்த இரண்டு கிழமைக்குள் அதற்கு ஓடவேண்டாம், தவணைக்குள் வந்து சேராது. அம்மாவின் சத்தியக்கடதாசியில் (சத்தியம் செய்து ஒப்பமிடும் வாக்குமூலம்) ஒரு பந்தியாக இதை எழுதி, கிராம சேவகரின் கடிதத்திலும் ஒரு வரி சேர்த்தால் போதும். மரணச் சான்றிதழ் எடுப்பதும் விடுவதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. ஒரு பேர்சரிப் படிவம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

விடுதிக் கதை பிழை. விடுதியில் இருப்பதால் பேர்சரியோ மகாபொலவோ இல்லாமற் போகாது. அந்தக் கதை பரவியதற்குக் காரணம் வேறு. சிலர் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்ட இடத்தில் விடுதி முகவரியை எழுதிவிடுகிறார்கள். அப்போது கிராம சேவகர் பிரிவு பொருந்தாது, வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு உள்ள தூரமும் பூச்சியமாகிவிடும். நிரந்தர முகவரி ஒட்டுசுட்டான் வீடுதான். தூரம் கேட்டிருந்தால் வீட்டிலிருந்து வீதி வழியாக உள்ள கிலோமீற்றரை எழுதுங்கோ. விடுதி முகவரி தற்காலிக முகவரிக் கட்டத்துக்கு மட்டும்.

மேசை 4:
கிராம சேவகர் தந்த கடிதத்தின் தலைப்பை ஒருக்கால் பாருங்கோ. "வதிவிடமும் நற்சான்றும்" என்று இருந்தால் அதுதான் பிரச்சினை. பிள்ளைகள் போய் "கம்பஸுக்கு ஒரு கடிதம் வேணும்" என்று கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது அதுதான். உங்களுக்கு வேண்டியது வருமான அத்தாட்சி. கேட்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கோ.

அடுத்தது, அதில் "குறைந்த வருமானம் பெறும் குடும்பம்" என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. ஆண்டு வருமானம் இலக்கத்தில் இருக்கவேண்டும், எந்த வழியில் எவ்வளவு என்று பிரித்தும் இருக்கவேண்டும். அதே தொகைதான் படிவத்திலும் சத்தியக்கடதாசியிலும் வரவேண்டும். மூன்றில் ஒன்று வேறாக இருந்தாலே கோப்பு நின்றுவிடும்.

மூன்றாவது, கிராம சேவகரின் ஒப்பத்துக்கு மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் முத்திரையும். கிராம சேவகரோடு வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஒட்டுசுட்டான் மாணவி:
பாத்தன், வதிவிடமும் நற்சான்றும் எண்டுதான் இருக்கு! வருமானத் தொகையைத் தானாப் போட ஏலாது எண்டு கிராம சேவகர் சொல்லுறார். அம்மாவுக்கு சம்பளச் சிட்டையும் இல்லை. எப்பிடிக் கணக்குப் போடுறது?

மேசை 4:
அவர் சொல்வது சரி. அவர் தொகையைக் கண்டுபிடிப்பதில்லை, நீங்கள் கொடுக்கும் தொகையைப் பார்த்து உறுதிப்படுத்துவார். ஆகவே வரிசையை மாற்றுங்கோ. முதலில் சமாதான நீதவானிடம் அம்மாவின் சத்தியக்கடதாசி. அதோடு கிராம சேவகரிடம். பிறகு பிரதேச செயலகம். கிராம சேவகர் வெளிக்களத்துக்குப் போகும் நாளில் போய்க் காத்திருக்காமல், அலுவலக நாளை முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ. அஸ்வெசும பணம் வரும் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் கடைசிக் கொடுப்பனவு பதிந்த பக்கமும் போட்டோக்கொப்பி எடுத்து இணையுங்கோ. அந்தத் தொகையை உழைப்பு வருமானத்தோடு கூட்டாமல் தனி வரியில் காட்டுங்கோ.

வயற்கணக்கு:
கணக்கை நான் சொல்கிறேன். வன்னிப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கூடுதலாகப் பிழைப்பது இந்த இடத்தில்தான், அதுவும் தங்களுக்கே பாதகமான விதத்தில்.

கூலி வேலையை 12 மாதத்தால் பெருக்குவது முதற்பிழை. உதாரணத்துக்கு, நாட்கூலி 1,800 ரூபா, மாதம் 12 நாள் வேலை என்றால் மாதத்துக்கு 21,600. இதை 12ஆல் பெருக்கினால் 259,200. ஆனால் தோட்டவேலை வருடம் முழுக்கக் கிடையாது. 8 மாதம்தான் வேலை என்றால் 172,800. வித்தியாசம் 86,400 ரூபா. வருமான எல்லைக்குக் கிட்ட நிற்கும் குடும்பம் இந்த ஒரு பெருக்கலால் வெளியே போய்விடலாம். எந்தெந்த மாதங்களில் வேலை, எத்தனை நாள் என்று சத்தியக்கடதாசியில் எழுதுங்கோ.

நெல் விற்ற காசை அப்படியே வருமானமாக எழுதுவது இரண்டாவது பிழை. உதாரணம்: ஏக்கருக்கு 70 கிலோ மூடை 20 என்றால் 1,400 கிலோ, 2 ஏக்கருக்கு 2,800 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்கு அறிவித்த கிலோ 120 ரூபாவில் கணக்கிட்டால் 336,000. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, அரிவுவெட்டு மெசின், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 100,000 செலவு என்று வைத்தால் 200,000 கழியும். மிச்சம் 136,000. உங்கள் வயலின் உண்மையான மூடைக் கணக்கையும், நீங்கள் உண்மையில் விற்ற விலையையும் போடுங்கோ. சாப்பாட்டுக்கு வைத்த நெல்லையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கோ.

படிவம் மொத்த வருமானத்தைக் கேட்கிறதா, தேறிய வருமானத்தைக் கேட்கிறதா என்று கவனமாக வாசியுங்கோ. எதைக் கேட்டாலும், மொத்தம், செலவு, தேறியது மூன்றையும் ஒரு தனித்தாளில் எழுதி அம்மாவின் ஒப்பத்தோடு இணைப்பது நல்லது. மொத்தத்தை மட்டும் எழுதினால் 336,000 ரூபா வருமானமுள்ள கமக்காரக் குடும்பமாகத்தான் கோப்பில் தெரிவீர்கள்.

சிறுபோகம் செய்யவில்லை என்பதையும் எழுதவேண்டும். 2 ஏக்கர் என்று கண்டவுடன் இரண்டு போகக் கணக்குப் போடுவார்கள். இரணைமடு போன்ற குளங்களின் கீழ்கூடச் சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை, பங்குமுறையில்தான் விதைப்பு. மானாவாரிக் காணியென்றால் சொல்லவே தேவையில்லை. உங்கள் கமக்கார அமைப்பிடம் ஒரு கடிதம் வாங்கலாம், அதற்கு மதிப்பு இருக்கிறது.

கோப்பறை:
மேலே சொன்னதோடு இன்னும் சில. தம்பி, தங்கச்சி இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் அதிபரின் கடிதமும் வேண்டும். கடிதத்தில் எந்த ஆண்டில் படிக்கிறார் என்பதும் அண்மைத் திகதியும் இருக்கவேண்டும். போன வருடக் கடிதத்தைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

போட்டோக்கொப்பிக் கடைகளில் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வவுனியா வளாகம்" என்று தலைப்புள்ள பழைய படிவங்கள் இருந்தால் தொடவேண்டாம். 2021 ஓகஸ்ட் 1 முதல் அது தனியான வவுனியாப் பல்கலைக்கழகம். அது இருக்கும் பம்பைமடுவில் படிக்கிற பிள்ளைகள் அங்குள்ள மாணவர் நலன்புரிக் கிளை தரும் படிவத்தையே நிரப்பவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிறவர்கள் யாழ் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள், அவர்களின் கோப்பு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள பிரதான வளாகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பீட அலுவலகத்தில் கொடுத்தால் திகதி முத்திரையோடு பற்றுச்சீட்டு அல்லது ஒப்பமிட்ட பிரதி கேட்டு வாங்குங்கோ. கோப்பு இடையில் தாமதித்தால் தவணைக்குள் கொடுத்ததற்கு அதுதான் சாட்சி.

5 வீத ஒதுக்கீடு பற்றியும் சொல்லவேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்பதால் பேர்சரி தன்பாட்டில் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஒதுக்கீடு பல்கலைக்கழக அனுமதிக்கு மட்டும். பேர்சரிக்குக் குடும்ப வருமானத்தைத்தான் பார்ப்பார்கள்.

பூந்தோட்டம்:
இடையில் ஒன்று கேட்கலாமா? வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் தங்கிப் படிக்கிற பிள்ளை மகாபொலவுக்கு விண்ணப்பிக்க ஏலுமா?

கோப்பறை:
இல்லை. கல்வியியற் கல்லூரி கல்வி அமைச்சின் கீழ் வருவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் அல்ல. அங்குள்ள ஆசிரிய மாணவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு கல்லூரி ஊடாக வரும். அதைப்பற்றிக் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கோ.

ஒட்டுசுட்டான் மாணவி:
எல்லாருக்கும் நன்றி. பேர்சரி கிடைச்சால் பிறகு மகாபொல வராதா? காசு எப்ப கையில வரும்? விடுதிக் காசு இப்பவே கட்டச் சொல்லுகினம்.

மேசை 4:
இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியத்திலிருந்து வருவது. பேர்சரி அரசாங்க நிதியில் பல்கலைக்கழகம் வழியாகக் கொடுப்பது. நிதி வேறு, பட்டியலும் வேறு. அதனால்தான் முதலில் மகாபொலப் பட்டியல் வந்து, அதில் இல்லாதவர்களைப் பேர்சரிக்கு எடுக்கிறார்கள்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. கல்வியாண்டுக்கு 10 தவணைக் கொடுப்பனவு. அந்த 6,500 வீதம் பார்த்தால் வருடத்துக்கு 65,000. 12 மாதத்துக்கும் வரும் என்று விடுதிச் சாப்பாட்டுக் கணக்குப் போடாதேங்கோ. முதற் தவணை மாதக்கணக்கில் பிந்தி, நிலுவையோடு சேர்ந்து வருவது வழமை. விடுதிக் கட்டணத்தைக் கட்ட அவகாசம் வேண்டுமென்றால் விடுதிப் பொறுப்பாளர் ஊடாக நலன்புரிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பேர்சரி விண்ணப்பம் கொடுத்த பற்றுச்சீட்டின் பிரதியையும் அதோடு வையுங்கோ.

கிடைத்த பிறகு விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கோ, போனால் கொடுப்பனவு நிற்கும். சுகயீனத்தால் போகாத நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் உடனே கொடுங்கோ. பரீட்சை நேரம் வரைக்கும் அறையில் வைத்திருந்தால் ஏற்கமாட்டார்கள்.

வயற்கணக்கு:
வங்கிக் கணக்கையும் இப்பவே பாருங்கோ. சின்ன வயதில் தொடங்கின சிறுவர் சேமிப்புக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் காசு திரும்பிப் போகும் அல்லது எடுக்க ஏலாமல் நிற்கும். 18 வயது முடிந்தவர் அடையாள அட்டையோடு போய் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றவேண்டும், அல்லது பல்கலைக்கழகம் சொல்லும் வங்கியில் புதிதாகத் திறக்கவேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம், உங்கள் பெயரில் மட்டும். பெயரின் முதலெழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கவேண்டும். கணக்கு இலக்கத்தைக் கையால் எழுதிக் கொடுக்காமல் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கப் பிரதியை இணையுங்கோ. கனகாலம் பாவிக்காத கணக்கென்றால் 100 ரூபாவாவது வைப்பிலிட்டு, அது இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டுப் பார்த்த பிறகு கொடுங்கோ.