சைடு கிக்ல நிக்கிற கால் ஆடுது, முட்டியும் வலிக்குது: ப்ளூ பெல்ட் டெஸ்டுக்குள்ள சரிபண்ண முடியுமா?

சத்துவாச்சாரி_கிரீன்:
எல்லாருக்கும் வணக்கம். டேக்வாண்டோ கிரீன் பெல்ட். ப்ளூ டெஸ்டுக்கு இன்னும் ஆறு வாரம். கிளாஸ் வாரத்துல மூணு நாள்தான், மத்த நாள் மொட்டை மாடி சிமெண்ட் தரையில வெறுங்காலோட பிராக்டிஸ். டேகுக் 4-ல (எதிரி இல்லாம தனியா, வரிசையாச் செய்யற அசைவுத் தொகுப்பு) அடுத்தடுத்து வர்ற ரெண்டு சைடு கிக்ல முதல் கிக் பரவாயில்ல, ரெண்டாவதுல சாய்ஞ்சிடறேன். பேக் ஸ்டான்ஸ் (எடையைப் பின்கால்ல அதிகமா வெச்சு நிக்கிற நிலை) போகப்போக நீளமாகிடுது. முடிச்சதும் நிக்கிற காலோட முட்டி உள்பக்கம் வலி. பலகை வேற உடைக்கணுமாம், எந்தப் பலகை வாங்கறது?

பாலாத்தங்கரை:
முதல்ல முட்டியைப் பாருங்க தம்பி, பெல்ட் எங்கயும் போயிடாது.

சொரசொரப்பான சிமெண்ட்ல பாதத்தோல் பிடிச்சுக்கும். இடுப்பு திரும்புது, பாதம் திரும்பல. நடுவுல மாட்டுறது முட்டி. உள்பக்க வலிக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். உதைக்கிற கால் மடங்கி மேல வரும்போதே நிக்கிற காலோட குதிகாலை ஒரு நூல் தூக்கி, முன்பாதத்து மேல திருப்பணும். கால் நீளுற நேரத்துல குதிகால் இலக்கைப் பார்த்திருக்கணும். உதைச்சு முடிச்ச பிறகு திருப்பினா பிரயோஜனம் இல்ல.

மாடியிலதான் பண்ணணும்னா அடி தேய்ஞ்ச பழைய கேன்வாஸ் ஷூ போடுங்க, இல்லன்னா 20 மி.மீ. ஜிக்சா மேட் (ஒண்ணோட ஒண்ணு கோத்துப் போடுற ஃபோம் விரிப்பு) நாலு வாங்கிப் போடுங்க. ரொம்ப மெத்துன்னு இருக்கிற மேட் வேண்டாம், பாதம் அமுங்கி அதுவும் திரும்பாது. அப்புறம், ஏப்ரல் மே மாச வேலூர் வெயில்ல எட்டு மணிக்கு மேல அந்தத் தரையில வெறுங்கால் வெச்சா இன்னாத்த திருப்புறது? சுட்டதும் குதிக்கத்தான் தோணும். அஞ்சரைக்கே ஆரம்பிங்க. முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது மாட்டிக்கிட்டாலோ பிராக்டிஸை நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

சைடு கிக்கை நாலு எண்ணிக்கையா உடைச்சுப் பழகுங்க. சுவர்ல ஒரு கை. ஒண்ணு: முட்டியை மார்புப் பக்கம் மடக்கு. ரெண்டு: குதிகாலால தள்ளி நீட்டி மூணு செகண்ட் நிறுத்து. மூணு: மடக்கின இடத்துக்கே திரும்ப வா. நாலு: இறக்கு. பக்கத்துக்குப் பத்து, உயரம் முட்டி மட்டத்துக்கு மேல வேண்டாம். ரெண்டு வாரம் போனதும் சுவரை விடுங்க. பெரும்பாலானவங்க விடுறது மூணாவது எண்ணிக்கை. நீட்டின கால் அப்படியே கீழ விழுந்தா உடம்பும் கூடவே போயிடும்.

கிக்பேட்_குடியாத்தம்:
மேல சொன்ன மூணாவது எண்ணிக்கையிலதான் உங்க ரெண்டாவது கிக் பிரச்சினையும் இருக்கு. டேகுக் 4-ல 7-வது அசைவு இடது சைடு கிக், 8-வது வலது சைடு கிக். இடது கால் மடங்காம இறங்கினா எடுத்து வைக்கிற காலடி ரொம்பப் பெருசாகி, எடை ரெண்டு காலுக்கும் நடுவுல தொங்கும். அதுமேல நின்னு வலது காலைத் தூக்கினா சாயாம என்ன செய்யும்? மடக்கி, சின்ன காலடியா வைங்க. அந்தப் பாதம் இறங்கும்போதே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தா அடுத்த கிக்குக்குத் திருப்பல்ல பாதி முடிஞ்ச மாதிரி. 8-வது கிக் இறங்குறது பேக் ஸ்டான்ஸ், கூடவே ரெட்டைக் கத்திக்கை பிளாக் (ரெண்டு கையையும் விரிச்சு, உள்ளங்கை ஓரத்தால தடுக்கிறது).

பேக் ஸ்டான்ஸ் நீளுறதுக்கு 2-லிருந்து 3-க்குத் திரும்புற இடத்தைப் பாருங்க. 2-வது விரல்நுனிக் குத்து, ஃப்ரண்ட் ஸ்டான்ஸ் (முன்கால் முட்டியை மடக்கி நீளமா நிக்கிற நிலை). நீளம் உங்க பாதத்தால அளந்தா சுமார் நாலரை பாதம். அங்கிருந்து 180 டிகிரி திரும்பும்போது அதே நீளத்தைத் தூக்கிட்டு வந்து வைக்கிறீங்க. பேக் ஸ்டான்ஸுக்கு மூணு பாதம்தான். சாக்பீஸால ஒரு கோடு போட்டு, மூணு பாதம் அளந்து குறி வைங்க. ரெண்டு குதிகாலும் கோட்டுல, பாதங்கள் 'ட' எழுத்து மாதிரி செங்கோணத்துல. பின்கால் முட்டி அந்தக் கால் விரல் பக்கமே பார்க்கணும். உள்ள சரிஞ்சா அதுவும் முட்டி வலிக்கு ஒரு காரணம்.

10, 12-ல ஃப்ரண்ட் கிக் போட்ட காலைப் பழைய இடத்துலயே திரும்ப வைக்கணும். முன்னால விட்டுட்டா கடைசியில ஆரம்பிச்ச இடத்துக்கு வந்து சேர மாட்டீங்க.

சத்துவாச்சாரி_கிரீன்:
நன்றி அண்ணா. பேக் ஸ்டான்ஸ்ல பின்கால்ல எடை எவ்வளவு? ஒருத்தர் 60 சதவீதம்ங்கறார், ஒருத்தர் 70.

கிக்பேட்_குடியாத்தம்:
டேகுக் வழியில 60-லிருந்து 70 வரைக்கும் சரி. ஐடிஎஃப் (டேக்வாண்டோவோட இன்னொரு அமைப்பு) கிளாஸ்ல 70-னு கறாரா கேப்பாங்க, ஆனா அவங்க பேட்டர்னே வேற. நீங்க டேகுக் பண்றதால அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

தொரப்பாடி_மாடி:
பலகைக்கு வர்றேன். பிளைவுட் வாங்கிடாதீங்க. ஒரு அடுக்கோட மர ரேகைக்கு அடுத்த அடுக்கு குறுக்கே ஒட்டியிருக்கும், பிளந்துக்க வழியே இல்ல, குதிகால்தான் நோகும். பைன் பலகை, 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ. கனம், முடிச்சு இல்லாம. மரக்கடையில புதுசா அறுத்த ஈரப்பலகையும் வேண்டாம்; அது உடையாம வளைஞ்சு கொடுக்கும். முதல்ல 1 செ.மீ. கனத்துல ஆரம்பிக்கலாம்.

உடையாததுக்குப் பாதி நேரம் பிடிக்கிறவங்கதான் காரணம். ரேகை மேலும் கீழுமா ஓடினா, இடது வலது ஓரத்தைப் பிடிக்கணும்; அப்போதான் நடுவுல ரேகையோடவே பிளக்கும். மேல் கீழ் ஓரத்தைப் பிடிச்சா ரேகைக்குக் குறுக்கே முறிக்கணும், கிரீன் பெல்ட்டுக்கு அது ஆகாது. முழங்கை பூட்டி, ரெண்டு பேர் தோளோட தோள் சேர்ந்து நிக்கணும், விரல் நுனி முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. பலகையைப் பார்த்து உதைக்காதீங்க, அதுக்கு ஒரு சாண் பின்னால குறி வைங்க.