பழைய துணியில் புதுசு தைத்தவர்கள் இங்கே வாருங்கள்

புதுத் துணியில் தைப்பதைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாரோ உடுத்திக் கழித்த சட்டை, கழற்றிப்போட்ட திரைச்சீலை, நைந்த படுக்கை விரிப்பு என்று கையில் கிடைத்ததை வெட்டி உடுப்பாகவோ நாடக உடையாகவோ மாற்றியவர்கள், அந்தத் துணியோடு பட்டதைச் சொல்லுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு வாய்த்தது கனத்த பருத்தித் திரைச்சீலை. அடர்பச்சை நிறம், பின்னால் லைனிங். பார்த்த உடனே ராஜா வேஷத்துக்கு நீள அங்கி என்றுதான் தோன்றியது. ஆனால் கத்திரிக்கோலை எடுப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் தொங்கிய துணி அது. மடிப்பின் முகடுகளில் வெயில் பட்டுப் பட்டு வெளுத்துப்போய், நெடுக வரி வரியாக இருந்தது. அந்த வரியில் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் இழை 'சர்'ரென்று விலகியது. மடிப்பின் பள்ளத்தில் இருந்த துணியோ கல் மாதிரி. கொக்கி மாட்டியிருந்த மேல்பட்டியும் அப்படியே.

துணியே கட்டிங்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தோள், கைக்குழி, முதுகு என்று இழுவை விழும் இடங்களுக்கெல்லாம் மேல்பட்டியும் பள்ளத்துத் துணியும். வெளுத்த வரிகள் இடுப்புக்குக் கீழே, நேராகத் தொங்கும்படி. கீழ் மடிப்பைப் பிரித்தபோது உள்ளே வெயிலே படாத பச்சை அப்படியே இருந்தது. அது காலருக்கும் கைப்பட்டிக்கும் போயிற்று. ஒரே துணியில் மூன்று பச்சை! பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் கோடு போட்ட துணி எங்கே கிடைச்சுது?"

* * *

கட்டைவிரல் சோதனை எனக்கும் தெய்வம். படுக்கை விரிப்புக்கு அது இன்னும் பொருந்தும். உடம்பு புரளும் நடுப்பகுதி வெங்காயத் தோலாகியிருக்கும், இரண்டு ஓரமும் புதுசு போல இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தபோது (1941இல் தொடங்கி 1949 வரை நீடித்தது) பல வீடுகளில் விரிப்பை நடுவில் நெடுகக் கிழித்து, இரண்டு கரையையும் நடுவுக்குக் கொண்டுவந்து இணைத்து, நைந்த பக்கத்தை ஓரமாக்கி மடித்துத் தைத்தார்கள். விரிப்புக்கு மறுபடி ஓர் ஆயுசு.

நான் விரிப்பாக வைத்துக்கொள்வதில்லை, கரையோரத் துணியைக் குழந்தைகளின் கவுனுக்கு எடுத்துவிடுகிறேன். பழைய பருத்தியில் ஒரு நிம்மதி உண்டு: சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், சாயம் போக வேண்டியதும் போயிருக்கும். தைத்த பிறகு துணி நம்மை ஏமாற்றாது.

* * *

ஜீன்ஸ் ஆட்கள் யாரும் வரவில்லையா? சரி, நான் வருகிறேன்.

ஜீன்ஸைப் பிரிப்பதே தனிக் கலை. பல ஜீன்ஸில் கீழ் மடிப்பிலும் இடுப்புப் பட்டியிலும் சங்கிலித் தையல்தான் இருக்கும். சரியான முனையிலிருந்து நூலைப் பிடித்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் அவிழ்ந்து வரும். தப்பான முனை என்றால் ஒவ்வொரு தையலும் சண்டை போடும். மற்ற இடங்களில் சாதாரணத் தையல். அங்கே ஒரு பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை இழுத்தால் கழன்றுவிடும். துணியை இரண்டு பக்கமும் பிடித்துப் பிய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பாக்கெட் மூலையில் செம்புக் குமிழ் இருக்கிறதே, அதற்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873இல் காப்புரிமை வாங்கினார்கள். உழைப்பாளியின் பாக்கெட் கிழியாமல் இருக்க நல்ல யோசனைதான், நம் ஊசிக்குத்தான் எமன். குமிழைச் சுற்றி வெட்டி ஒதுக்கிவிடுங்கள். தடித்த தையல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிட்டு, 100 அல்லது 110 நம்பர் ஊசி போட்டு, அந்த இடத்தில் மட்டும் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெஷினும் பிழைக்கும், ஊசியும் பிழைக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. பின்பாக்கெட்டைப் பிரித்து எடுத்தால் அடியில் கருநீலத்தில் பாக்கெட்டின் நிழல் அப்படியே நிற்கும். அந்த நிழல்களை மட்டும் வெட்டிச் சேர்த்து ஒரு ஜாக்கெட்டின் முதுகு தைத்தேன். ஓவியம் படித்த ஒருவர் நிறுத்தி, எந்தச் சாயத்தில் இப்படி அச்சு எடுத்தீர்கள் என்று கேட்டார். வெயிலும் சோப்பும் என்றேன். நம்பவில்லை, இன்றுவரை எதையோ மறைக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

* * *

அண்ணன் சொன்ன நிழல் அருமை. நான் நாடக உடை தைக்கிறவள். எங்கள் பக்கக் கணக்கு கொஞ்சம் வேறு.

வீதியில் போடும் உடுப்பை ஒரு முழத் தூரத்தில் பார்ப்பார்கள், மேடை உடையைப் பத்து வரிசை தள்ளிப் பார்ப்பார்கள். அங்கே நுணுக்கமான எம்பிராய்டரி தெரியாது, துணி விழும் விதமும் கனமும்தான் தெரியும். அதனால்தான் பழைய துணிமேல் எனக்குப் பைத்தியம். பலமுறை துவைத்த துணி உடம்போடு விழும். புதுத் துணியை அப்படி விழவைக்கவும், ஏழை வேஷத்துக்கு நைய வைக்கவும் நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. முழங்கையிலும் முழங்காலிலும் உப்புத்தாள் தேய்ப்போம், டீத் தண்ணீரில் முக்குவோம், பைகளில் கல்லைப் போட்டு ஈரத்தோடு தொங்கவிடுவோம். பழசில் அந்த வேலை பாதி முடிந்தே வருகிறது.

பேய் வேஷம் ஒன்றுக்கு வெள்ளைப் பருத்திச் சட்டைகள் சிலவற்றை ஒன்றாக இணைத்துக் கறுப்புச் சாயத்தில் போட்டோம். துணி கறுத்தது, தையல் நூல் கறுக்கவில்லை. பருத்திச் சாயம் பாலியஸ்டர் நூலைத் தொடாது, அது தெரிந்த விஷயம்தான். ஆனால் விளைவு இவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் கண்டது? காலரைச் சுற்றி, பட்டன் பட்டியின் இருபுறம், தோளின் மேல் என்று கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகத் தையல் கோடுகள். நீல விளக்கில் எலும்புக்கூடு எழுந்து வந்த மாதிரி இருந்தது. இயக்குநர் பார்த்துவிட்டு, "இதை யார் கையால போட்டது?" என்றார். சட்டை கம்பெனிக்காரன் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

எந்த இழை என்று தெரியாத துணிக்கு ஓர நூலில் நாலைந்தை உருவி, இடுக்கியால் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. முடி பொசுங்கும் வாசனை என்றால் பட்டோ கம்பளியோ. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. பந்தமும் மெழுகுவர்த்தியும் வரும் காட்சிக்கு அந்தக் கடைசி வகையை நான் தொடவே மாட்டேன். உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, பழைய உடையிலிருந்து மேடை உடை எடுப்பவர்கள் அக்குளைக் கவனியுங்கள். நடிகர் கையைத் தூக்கினால் உடையே சேர்ந்து தூக்கிக்கொண்டு போகும். அக்குளைப் பிரித்து வைர வடிவில் ஒரு துண்டு இணைத்தால் தீர்ந்தது. அந்தத் துண்டை இழைக்கு மூலைவாட்டத்தில் வெட்டினால் இன்னும் இளகிக் கொடுக்கும். பக்கத் தையலில் உள்ளே துணி நிறைய விட்டுவையுங்கள், அடுத்த முறை அந்த உடைக்குள் வேறு உடம்பு வரும்.

* * *

பட்டு என்று பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பழைய பட்டு ஜாக்கெட் ஒன்று கைக்கு வந்தது. மேலே ஒரு குறையும் இல்லை, உள்ளே லைனிங் மட்டும் பாவு நூல் (நெடுக்கு நூல்) வாக்கில் கீறிக்கொண்டு உதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த பட்டில் இது அடிக்கடி நடக்கும். இழைமேல் இயற்கையாக இருக்கும் பசையை நீக்கும்போது பட்டு எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கும். அதை ஈடுகட்ட வெள்ளீயம், இரும்பு உப்புகளை ஏற்றி விற்றார்கள், அந்த உப்புதான் இழையைத் தின்கிறது. அதைத் துவைத்தாலும் ஒட்டுப்போட்டாலும் நிற்காது. நான் லைனிங்கை மொத்தமாக எடுத்துவிட்டு, கிழிசலையே அளவாக வைத்துப் புது லைனிங் வெட்டினேன்.

கம்பளி வாங்குகிறவர்களுக்கு: பூச்சிக்குப் பயந்தால் பையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைபெட்டியில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், குளிர் முழுக்க விட்ட பிறகு திறந்தால்தான் துணியில் ஈரம் கோக்காது.

* * *

எல்லாரும் விவரமாகச் சொல்கிறீர்கள், ஒரு சந்தேகம். வெல்வெட் பாவாடை ஒன்றைப் பிரித்து மேல்சட்டை தைக்க ஆசை. பழைய தையல் தடம் போகுமா?

* * *

நாடக உடைக்காரிதான் மறுபடியும். பெரும்பாலும் போகாதும்மா. ஊசித் துளையும் அழுந்திய ரோமமும் வெல்வெட்டில் நின்றுவிடும். பின்பக்கம் ஆவி காட்டிப் பார்க்கலாம், மேலே இஸ்திரிப்பெட்டி மட்டும் வைத்துவிடாதே. தடம் வரும் இடத்தில் புதுத் தையலையே கொண்டுவா, இல்லாவிட்டால் மேலே நாடா ஓட்டிவிடு. அப்புறம் எல்லாத் துண்டிலும் கையால் தடவிப் பார்த்து, ரோமம் ஒரே பக்கம் சாயும்படி வை. ஒன்று தலைகீழாகப் போனாலும் விளக்கடியில் வேறு நிறமாகத் தெரியும். பாவாடை எத்தனை பாகம், அகலம் எவ்வளவு என்று சொன்னால் கட்டிங் போட்டுத் தருகிறேன்.