போன் அசெம்பிளி வந்துவிட்டது, உதிரிபாகத் தொழில் எப்போது வரும்?

நீலக்குறிஞ்சி:
வணக்கம். இந்திய மின்னணுத் தொழில் கொள்கை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். 2017-ல் படிநிலை உற்பத்தித் திட்டம், 2020-ல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை (பி.எல்.ஐ.), 2025-ல் உதிரிபாக உற்பத்தித் திட்டம் என்று வரிசையாக வந்திருக்கின்றன. போன் ஏற்றுமதி நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் போனைப் பிரித்துப் பார்த்தால் சிப், டிஸ்பிளே, கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம்) எல்லாம் பெரும்பாலும் இறக்குமதிதான். சுங்க வரியை இன்னும் ஏற்றினால் உதிரிபாகத் தொழில் தானாக வந்துவிடுமா? வராது என்றால் வேறு எதில் கை வைக்க வேண்டும்?

சுங்கக்கணக்கு:
வராது. வரி கொண்டுவருவது அசெம்பிளியைத்தான். போனுக்கான வரி 2017 ஜூலையில் 10%, அதே டிசம்பரில் 15%, 2018 பட்ஜெட்டில் 20% ஆனது. கூடவே சார்ஜர், பேட்டரி பேக், பிறகு யு.எஸ்.பி. கேபிள், பிறகு சர்க்யூட் போர்டு, கேமரா மாட்யூல், கடைசியில் டிஸ்பிளே என்று பாகங்களுக்கும் படிப்படியாக வரி போடும் திட்டம். முதல் சில படிகள் வேலை செய்தன. சார்ஜர் கட்டுவதற்குப் பெரிய முதலீடு வேண்டாம், பெட்டியும் வயரும் இங்கேயே கிடைக்கும்.

மேல் படிகளில்தான் சிக்கல். 100 ரூபாய்ப் பொருளில் 60 ரூபாய் இறக்குமதிப் பாகம், அதற்கு 10% வரி என்றால் 6 ரூபாய் கூடுகிறது. ஒப்பந்த உற்பத்தியாளரின் லாபமே பெரும்பாலும் ஒற்றை இலக்க சதவீதம், அதில் இந்த 6 ரூபாய் போனால் மிச்சம் என்ன? ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலை முன்அனுமதி உரிமம் வாங்கியோ பிணைக் கிடங்கில் உற்பத்தி செய்தோ வரியைத் தவிர்த்துவிடும். உள்ளூர்ச் சந்தைக்கு ஐந்தாயிரம் யூனிட் செய்யும் சிறு நிறுவனத்தால் அந்தக் காகித வேலைக்கு ஆள் போட முடியாது. வரியின் முழுச் சுமையும் அவர் தலையில்தான்.

முழுப் பொருள் வரியில்லாமல் வந்து, பாகத்துக்கு மட்டும் வரி இருந்தால் இன்னும் மோசம். 1997-ல் நாம் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி கணினி உள்ளிட்ட பல பொருள்களுக்கு வரி 0. அதை மீறி ஏற்றினால் வழக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் தொடுத்த வழக்குகளில் 2023 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பின் குழு இந்தியாவுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. அரசும் திசை மாறிவிட்டது: 2024 ஜனவரியில் பல போன் பாகங்களின் வரி 15-லிருந்து 10%, ஜூலையில் போன், போர்டு, சார்ஜர் மூன்றும் 20-லிருந்து 15%. 2025 பட்ஜெட்டில் இன்டராக்டிவ் பிளாட் பேனலுக்கு (பெரிய தொடுதிரைப் பலகை) 20% ஆக ஏற்றி, அதன் பாகமான ஓப்பன் செல்லுக்கு (பின்விளக்கு சேர்க்காத திரைத் தகடு) 5% ஆகக் குறைத்தார்கள். அதுதான் சரியான வரிசை: கீழே குறைவு, மேலே அதிகம்.

வடிவமைப்புமேசை:
மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிப்படைக் காரணம் வரி அல்ல. எந்த கெபாசிட்டரை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்பவர் யார்? போனில் அது பிராண்டின் வடிவமைப்புக் குழு, அமெரிக்காவின் கூபர்டினோவிலோ கொரியாவின் சுவோனிலோ சீனாவின் ஷென்ஜெனிலோ உட்கார்ந்திருக்கிறது. பாகப் பட்டியலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியலும் அங்கேதான் எழுதப்படுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கொள்முதல் மேலாளர் நினைத்தாலும் ஒசூரில் செய்த பாகத்தை உள்ளே விட முடியாது. ஒரு ஆலை எத்தனை பெரிதாக இருந்தாலும் இதுதான் நிலை.

எதிர் உதாரணம் ஸ்மார்ட் மின்மீட்டர். 2021-ல் வந்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ப்ரீபெய்டு மீட்டர்களை இலக்காக வைத்தது. தரநிலை ஐ.எஸ். 16444, நம்முடையது. பல மீட்டர்களை இந்திய நிறுவனங்களே வடிவமைக்கின்றன. அதனால் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மின்தடை), லாட்ச்சிங் ரிலே (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), மின்மாற்றி, உறை ஆகியவற்றுக்கு உள்ளூர் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இங்கேயே இருக்கிறது. அளவீட்டுச் சிப்பும் தொடர்பு மாட்யூலும்தான் பெரிய ஓட்டை. அதையும் டெண்டரிலேயே அடைக்கலாம்: முதல் இரண்டு தவணைக்கு எந்தச் சிப்பும் சரி, மூன்றாவதிலிருந்து இத்தனை சதவீதம் இந்தியாவில் வடிவமைத்த சிப் என்று முன்கூட்டியே அறிவித்தால், சிப் வடிவமைப்பாளருக்கு வாங்குபவர் யார் என்று தெரிந்துவிடும். அரசு 2021-ல் அறிவித்த சிப் வடிவமைப்பு ஊக்கத் திட்டம் செலவில் 50%, அதிகபட்சம் 15 கோடி ரூபாய் என்று வைத்தது. பணம் உதவும். ஆனால் ஆர்டர் இல்லாத சிப் மாதிரியோடு நின்றுவிடும்.

2017-ல் வந்த அரசுக் கொள்முதல் ஆணையில், 50% உள்ளூர் மதிப்பு இருந்தால் முன்னுரிமை பெறும் முதல் வகுப்பு என்ற விதி 2020 முதல் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், பெரும்பாலான டெண்டர்களில் நிறுவனம் தானே சான்றளித்தால் போதும். ஒவ்வொரு பாகத்துக்கும் மூல நாடு காட்டும் பட்டியலைக் கேட்டு, நூற்றில் ஐந்து டெண்டரையாவது தணிக்கை செய்ய வேண்டும்.

தைவானை ஆலை மானியத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். 1976-ல் அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனம் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் சிப் தொழில்நுட்பம் வாங்கி, பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தது. அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து பிறந்த சிப் நிறுவனங்கள்தான் 1980-ல் யு.எம்.சி., 1987-ல் டி.எஸ்.எம்.சி. மனிதர்களை முதலில் உருவாக்கினார்கள், கட்டடம் பிறகு. பிரேசில் 1984 சட்டத்தால் சிறு கணினிச் சந்தையை உள்நாட்டினருக்கு மட்டும் ஒதுக்கியது. போட்டியில்லாமல் விலையும் தரமும் பின்தங்கின, 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டது.

பற்றாசு:
ஆலைப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். உள்ளூர்ப் பாகம் நிராகரிக்கப்படுவது பல நேரம் சோதனை அறிக்கை இல்லாததால். 85 டிகிரி வெப்பம், 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேரச் சோதனை என்றால் கிட்டத்தட்ட 42 நாள் ஒரு சேம்பர் (சோதனைப் பெட்டி) அடைபட்டுக் கிடக்கும். சிறு உற்பத்தியாளரிடம் சேம்பரே இருக்காது. கோவை, புனே போன்ற ஊர்களில் பொதுச் சோதனைக்கூடம் வைத்து, கட்டணத்தில் பாதியை அரசு ஏற்றால் ஒரு பெரிய மானியத்தைவிட அது அதிகம் பலன் தரும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நிலை ஈர உணர்திறன் கொண்ட சிப்பின் பையைப் பிரித்தால் 30 டிகிரி, 60% ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரத்தில் போர்டில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் பற்றாசை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில், சிப்பின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உறை வெடிக்கக்கூடும். சிறு ஆலைகளுக்கு உலர் அலமாரியும் சிப்பைச் சூடாக்கி ஈரம் போக்கும் அடுப்பும் வாங்கக் கடன் கிடைப்பதுகூட கொள்கைதான்.

நீலக்குறிஞ்சி:
மிக்க நன்றி. அப்படியானால் எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது? கட்டுரைக்கு எந்த எண்களைப் பார்க்கலாம்?

பற்றாசு:
காயில், மின்மாற்றி, உறை, வயர் ஹார்னஸ் முதலில். பிறகு 4 முதல் 8 அடுக்கு பி.சி.பி. (பாகம் ஏற்றாத வெற்று சர்க்யூட் போர்டு), கேமரா மாட்யூல். பல அடுக்கு செராமிக் கெபாசிட்டர் பிறகுதான்: ஒன்றின் விலை பைசாக் கணக்கு, கோடிக்கணக்கில் ஓடினால்தான் கட்டுபடியாகும், அதன் மூலப்பொருளான பேரியம் டைட்டனேட் தூளின் தரமும் கையில் இருக்க வேண்டும். 2025-ல் 22,919 கோடி ரூபாயோடு தொடங்கிய உதிரிபாகத் திட்டம் மாட்யூல்களுக்கு விற்பனை அடிப்படையிலும், உற்பத்தி இயந்திரங்களுக்கு முதலீட்டின் அடிப்படையிலும் ஊக்கத்தொகை தருவது நல்ல பிரிப்பு.

சுங்கக்கணக்கு:
எண்களுக்கு வணிக அமைச்சகத்தின் தரவுத்தளம் போதும். சுங்கக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்: ஏற்றுமதியில் 8517 13 ஸ்மார்ட்போன். இறக்குமதியில் 8517 79 பாகங்கள், 8534 பி.சி.பி., 8532 கெபாசிட்டர், 8542 சிப், 8507 பேட்டரி, 8524 டிஸ்பிளே. ஏற்றுமதியை மட்டும் எடுத்து வரைபடம் போடாதீர்கள், இரண்டையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக வையுங்கள். 8542 வேறு துறைகளுக்கும் போகிறது என்பதால் அதைத் தனி வரிசையில் காட்டுங்கள், போன் கணக்கில் முழுசாகச் சேர்த்தால் முடிவு தப்பாகிவிடும்.