முக்கியமானவர்களுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? உங்கள் அனுபவம் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாரத்தின் 168 மணி நேரமும் எங்கே செல்கிறது என்று அறிய, இரண்டு வாரங்களாக அரை மணிக்கு ஒரு முறை குறித்து வந்தேன். உறக்கத்துக்கு 49, அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் 60, வீட்டு வேலைகளுக்கு 21 எனக் கழித்த பின்னும் 38 மணி நேரம் எஞ்சுகிறது. ஆனால் என் வாழ்வில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் தயங்காமல் நான் சொல்லக்கூடிய என் தாயாருடன் அமர்ந்து பேசியது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை என்பதைக் கண்டபோது மனம் மிகவும் கனத்தது. மீதி நேரத்தில் பெரும்பகுதி, பத்துப் பத்து நிமிடங்களாகக் கைப்பேசியில் சிதறியிருந்தது.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் சுட்டிக்காட்டினார்கள். ஒரு மணி நேரம் என்று நான் தொடங்கும் வேலையும் இரண்டரை மணி நேரம் நீண்டு மாலையை விழுங்கிவிடுகிறது. அவசர வேலை குரல் கொடுத்து அழைக்கிறது, அம்மா அழைப்பதில்லை.

அவருக்கான நேரத்தை நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதிவைப்பது அன்பை வெறும் கடமையாக்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். அவ்வாறு செய்து பார்த்தவர்கள், அந்தப் பழக்கம் எத்தனை வாரம் நிலைத்தது, எதைக் கைவிட்டு அதற்கு இடம் உண்டாக்கினீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.