வெஸ்னோத்தில அடிபட்டா சேவ் எடுத்துத் திரும்ப ஆடுறது கள்ள ஆட்டமா?

பாலத்தடி (கல்லடி):
பேட்டில் ஃபார் வெஸ்னோத் ஆடுற ஆக்கள் கொஞ்சம் வாங்க. தெரியாதவங்களுக்கு: அறுகோணக் கட்டத்தில மாறி மாறி ஆடுற படை விளையாட்டு. 2003ல வந்தது, காசில்ல, பழைய கம்ப்யூட்டரிலயும் ஓடும், நெட்டும் தேவையில்ல. நேத்து ராத்திரி எண்ட குதிரைவீரன் ஒரு ஈட்டிக்காரன்ட கையில செத்துப்போனான். இன்னும் ஒரு சண்டை வெண்டா அடுத்த லெவலுக்குப் போயிருப்பான். உடனே அந்த டேர்ன் தொடங்கக்குள்ள தானா பதிஞ்ச ஆட்டோசேவை எடுத்து லோட் பண்ணினன். அதே இடம், அதே அடி. இந்தமுறை ஈட்டிக்காரன் விழுந்தான். மச்சான்ட்ட சொன்னா "கள்ளன்" எண்டு சிரிக்கிறான். கம்ப்யூட்டரோட தனிய ஆடுற ஆட்டத்தில நான் ஆரிட்டக் களவெடுத்தன்?

காத்தான்குடி நானா:
தம்பி, சண்டை பகலா ராவா? குதிரை நிண்டது எங்க?

பாலத்தடி:
பகல் நானா. வெட்டவெளி புல்தரை. முழு உயிரோடதான் நிண்டது.

காத்தான்குடி நானா:
அப்ப கணக்கப் பாருங்க. ஈட்டிக்காரன்ட குத்து 7, மூணு தரம் குத்துவான். குதிரை பாய்ஞ்சு அடிச்சா ரெண்டு பக்கத்துக்கும் அடி இரட்டிப்பு, அப்ப 14. ஈட்டிக்காரனுக்கு பகல்ல 25 வீதம் கூட. குதிரைக்கு குத்தாயுதம் இன்னும் 20 வீதம் கூடப் படும். ஆக ஒரு குத்து 21. ரெண்டு பட்டா 42. ஒங்கட குதிரைக்கு மொத்த உயிரே 38. இதுக்கு மேல ஈட்டிக்காரனுக்கு "முதல் அடி" வேற இருக்கு, நீங்க பாய்ஞ்சாலும் முந்திக் குத்துறது அவன்தான். புல்தரையில குதிரைக்கு ஒவ்வொரு குத்தும் படுறதுக்கு 60 வீதம். இது விதி இல்ல, கணக்கு. அடிக்கிறதுக்கு முதல் வாற பெட்டியில சேதக் கணக்குப் பட்டன் ஒண்டு இருக்கு, அத அமத்தியிருந்தா எல்லாம் சொல்லியிருக்கும். குதிரைய வில்லுக்காரனுக்கும் மந்திரவாதிக்கும்தான் விடணும்.

அக்கரை தம்பி:
நானா, லோட் பண்றதே களவு எண்டா 2022ல நாங்க எல்லாரும் களவாணிகள். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்க. யூபிஎஸ் வாங்க ஆரிட்ட காசு இருந்தது? ஒரு அடி அடிக்கிறதுக்கு மவுசத் தூக்கக்குள்ள திரை கறுத்துப்போகும். ஒவ்வொரு டேர்னுக்கும் தானா சேவ் ஆகாட்டி நான் இந்த விளையாட்டையே அழிச்சிருப்பன்.

காத்தான்குடி நானா:
கரண்ட் போனா லோட் பண்ணுங்க, அத ஆர் கேட்ட? நான் கேக்கிறது வேற. 304 ஆடக்குள்ள கை சரியில்ல எண்டு சீட்டைத் திரும்பக் கலைக்கச் சொல்லுவீங்களா?

பாலத்தடி:
304ல அடுத்த கைக்குப் புதுச்சீட்டு வரும் நானா. இஞ்ச அப்படி இல்லையே. கதைத் தொடர்ல வளத்த ஆள் செத்தா செத்ததுதான். உயிரோட இருந்தா அடுத்த களத்தில 20 பொன் குடுத்துத் திரும்பக் கூப்பிடலாம். அவன் இல்லாட்டி மறுகா நாலாம் அஞ்சாம் களத்தில பச்சைப் பொடியன்களோடதான் நிக்கணும். ஒரு கெட்ட கணத்துக்காக முழுத் தொடரையும் முதல்ல இருந்து ஆடச் சொல்றீங்களா? இன்னொண்டு, கம்ப்யூட்டரும் கள்ளம் செய்யிது. 60 வீதம் எண்டு காட்டும், மூணு தரமும் படாது.

பழைய ஆள்:
வீட்டுக்கு வீடு செத்த ஆக்கள் இருக்கிற ஊரில யுத்தத்தை வச்சு விளையாட்டாம்.

வாவிக்கரை டீச்சர்:
எங்கட வீட்டிலயும் இருக்காங்க ஐயா. இவங்க ஆடுறது எலும்புக்கூட்டோடயும் ஓர்க் எண்ட கற்பனைப் பூதத்தோடயும். அது இருக்கட்டும், கதைக்கு வாறன்.

பாலத்தடித் தம்பி, கம்ப்யூட்டர் கள்ளம் எண்டிங்களே. 60 வீத அடி மூணும் பிழைக்கிறதுக்கு 0.4 ஐ மூணு தரம் பெருக்குங்க: 0.064. கிட்டத்தட்ட பதினாறு சண்டைக்கு ஒண்டு. ஒரு களத்தில எத்தின சண்டை வருது? நடக்காட்டித்தான் சந்தேகப்படணும். மெனுவில புள்ளிவிபரம் எண்டு ஒரு பக்கம் இருக்கு, எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, உண்மையில செஞ்ச சேதம் எவ்வளவு எண்டு பக்கத்துப் பக்கத்தில காட்டும். எண்ட மகனும் இதே புலம்பல்தான். திறந்து பார்த்தா அந்தக் களத்தில அவனுக்கு எதிர்பார்த்ததை விடக் கூடவே விழுந்திருந்தது. பிழைச்ச அடி மட்டும்தான் ஞாபகத்தில நிக்குது.

லோட் பண்றதில எனக்குக் கோவமில்ல. லோட் பண்ணி அதே அடியைத் திரும்ப அடிக்கிறதுதான் பிழை. ஆக்களை நிப்பாட்டுற விதத்தை மாத்திப் பாருங்க. ரெண்டு பேருக்கு நடுவில ரெண்டு கட்டம் வெறுமையா விட்டாலும் எதிரி ஒரே டேர்ன்ல ஊடால போகேலா, பக்கத்துக் கட்டத்தில கால் வச்ச உடனே நிண்டுடுவான். (லெவல் பூச்சிய ஆக்களால மட்டும் இப்படி மறிக்கேலா.) இது தெரிஞ்சா மூணு பேரால ஒரு பாதையையே அடைக்கலாம். காயப்பட்டவன் பின்னால ஊர்க் கட்டத்தில நிண்டா டேர்னுக்கு 8 உயிர் ஏறும். குதிரை அதுக்குப் பின்னால காத்துக்கொண்டு நிக்கட்டும்.

காத்தான்குடி நானா:
டீச்சர், மாத்தி ஆடினாலும் எதிரி எந்தப் பக்கத்தால வாறான் எண்டு ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. காட்டுக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறவனைக் கண்டுட்டு வந்து ஆடுறது என்ன ஆட்டம்?

வாவிக்கரை டீச்சர்:
எண்ட மகன் மாதிரிப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது போதும். நீங்க அனுபவசாலி, ஒங்கட சட்டத்தை ஒங்கட கம்ப்யூட்டரில வச்சிருங்க.

அக்கரை தம்பி:
சண்டை எதுக்கு? புதுப் பதிப்பில தொடர் தொடங்கக்குள்ள ஒரு தெரிவு வருது. அதப் போட்டா லோட் பண்ணி அதே அடியை அடிச்சாலும் அதே முடிவுதான் வரும். கரண்ட் போனவனுக்கும் நட்டமில்ல, நானாவுக்கும் சந்தோசம்.

பாலத்தடி:
அப்ப அந்தக் குதிரை எத்தின தரம் லோட் பண்ணினாலும் சாகுமா?

காத்தான்குடி நானா:
அதே அடியை அடிச்சா சாகும். வில்லுக்காரனப் பாத்துப் பாய்ஞ்சா பிழைக்கும்.

பாலத்தடி:
எனக்குப் பழைய பதிப்பே போதும் நானா.