ரோட்டவேட்டரைத் தூக்கினால் பி.டி.ஓ. ஷாஃப்ட் அடித்துக்கொள்கிறது: கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா?

கேட்பவர்: பாகூர், புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். சம்பா அறுவடை முடிந்து, நவரைக்காகத் தாளை மடக்கி உழுதுகொண்டிருக்கிறோம். எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் உள்ளது. அதற்கென்று ஐந்தரை அடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் எங்கள் வண்டிக்கு நீளமாக இருந்ததால், ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கிப் பூட்டினோம்.

உழும்போது லேசான அதிர்வு இருக்கிறது. வரப்போரம் திரும்புவதற்காக ரோட்டவேட்டரைத் தூக்கியதும் டகடகவென்று அடித்து, உட்கார்ந்திருக்கும் சீட் வரை நடுங்குகிறது. ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட்டுகளிலும் உள்ள சிலுவை வடிவ கிராஸ் இரண்டையும் புதிதாக மாற்றியும் சத்தம் போகவில்லை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால் டிராக்டர் பக்கத்து கிராஸில் கை வைக்க முடியாத சூடு. கியர் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். தண்ணீர் பாய்ச்சும் நாள் நெருங்கிவிட்டதால் மிகவும் கவலையாக உள்ளது.

பதில்: குறிஞ்சிப்பாடி, டிராக்டர் பட்டறை

தம்பி, கியர் பாக்ஸில் கை வைக்காதீர்கள். அங்கே கோளாறு என்றால் ரோட்டவேட்டர் எந்த உயரத்தில் இருந்தாலும் சத்தம் வரும். தூக்கும்போது மட்டும் கூடுகிறது என்றால் ஷாஃப்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் ஷாஃப்ட் சதுரக் குழாயா என்று பாருங்கள். சதுரக் குழாய் என்றால், வெட்டிய பிறகு உள் துண்டைக் கால் சுற்றுத் திருப்பிச் செருகிவிடவும் வாய்ப்பு உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷாஃப்டைக் கழற்றித் தரையில் வையுங்கள். குழாயோடு சேர்ந்திருக்கும் இரண்டு யோக்குகளின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற துண்டுகளின்) காதுகளும் ஒரே தளத்தில், நேருக்கு நேராக இருக்க வேண்டும். ஒன்று படுத்தும் மற்றொன்று நின்றும் இருந்தால் அதுதான் உங்கள் நோய்.

காரணத்தையும் சொல்கிறேன். கிராஸ் ஜாயின்ட் சாய்வில் சுழலும்போது, பி.டி.ஓ. சீராக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினாலும், ஜாயின்ட்டுக்கு அப்பால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். யோக்குகள் நேராக இருந்தால் முதல் ஜாயின்ட் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது ஜாயின்ட் சமன் செய்துவிடும். கால் சுற்று மாறியிருந்தால் அதையே இரட்டிப்பாக்கும். சாய்வு கூடக் கூட இந்த அடி பலமாகும் என்பதால்தான் நீங்கள் தூக்கியவுடன் வண்டி நடுங்குகிறது.

பதில்: நெல்லிக்குப்பம், கரும்பு விவசாயி

பட்டறை அண்ணன் சொன்னதோடு டாப் லிங்க்கையும் (ரோட்டவேட்டரின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும், திருகி நீளம் மாற்றக்கூடிய தண்டு) கவனியுங்கள் ஐயா. உழும் ஆழத்தில் ரோட்டவேட்டரின் உள்செல்லும் தண்டு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருக்கும்படி டாப் லிங்க்கைத் திருகி வைத்தால்தான் இரண்டு ஜாயின்ட்டிலும் சாய்வு சமமாக இருக்கும். திரும்பும்போது கத்தி மண்ணை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வரப்பைத் தாண்டும் அளவுக்குத் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், தயவுசெய்து தவறாக எண்ணாதீர்கள். ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? வேட்டி நுனியோ தோள் துண்டோ அதில் மாட்டினால் ஆளையே சுற்றி இழுத்துவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஓடும்போது யாரையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

கேட்டவர்: பாகூர்

நீங்கள் சொன்னபடியே இருந்தது ஐயா. ஒரு யோக் படுத்தும் ஒன்று நின்றும் இருந்தன. சரியாகத் திருப்பிச் செருகியதும் அடிக்கும் சத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் ரோட்டவேட்டரை இறக்கும்போது மட்டும் இன்னும் லேசாகக் கடகடக்கிறது. உறை இல்லை, பழைய உரிமையாளர் எடுத்துவிட்டாராம்.

பதில்: குறிஞ்சிப்பாடி, டிராக்டர் பட்டறை

அப்படியானால் குழாயை அளவுக்கு மீறி வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். உள் குழாயில் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்து பளபளக்கும் பகுதி எவ்வளவு நீளம் என்பதை அளந்து சொல்லுங்கள். ஷாஃப்ட் மிக நீண்டிருக்கும் நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். மிகக் குறுகும் நிலையிலோ, முனைகள் முட்டாமல் ஒன்றரை அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கே போய்விடும்.

கேட்டவர்: பாகூர்

பளபளப்பு நான்கு விரற்கடைதான் இருந்தது. இறக்கும்போது அதுவும் குறைந்து நுனியில் தொங்கியிருக்கிறது. அதை இனி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்து, உறையோடு கூடிய புதிய குழாய் ஜோடியை வாங்கினோம். இம்முறை ரோட்டவேட்டரைப் பூட்டி, ஹைட்ராலிக் லிவரால் மெல்ல ஏற்றி இறக்கி, இரு தண்டுகளுக்கும் இடைவெளி எந்த உயரத்தில் மிகக் குறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். பிறகு எஞ்சினை நிறுத்தி, உள் குழாய், வெளிக் குழாய், உறைகள் எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவிச் செருகினோம். இன்று காலை முதல் ஒரு காணி உழுதாயிற்று. நிறுத்திவிட்டு கிராஸில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கியர் பாக்ஸைப் பிரிக்கவில்லை. எண்ணெய் மட்டும் மாற்றினோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.