மழையே இல்லை, ஆனால் மண்ணுக்குள் நீர் இறங்குவதாக வெப்ப ஊசி காட்டுகிறது. உதவி தேவை

கேத்தி_பாத்தி:
வணக்கம். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் கேரட் பாத்திக்குக் கீழே எவ்வளவு நீர் வடிகிறது என்று அளக்க, மூன்று ஊசி வெப்ப சென்சார் ஒன்று செய்து புதைத்திருக்கிறேன். நடுவில் நிக்ரோம் (மின்சாரத்தில் சூடாகும்) கம்பி போட்ட ஹீட்டர் ஊசி. அதற்கு நேர் மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, இரண்டிலும் வெப்பநிலை அளக்கும் தெர்மிஸ்டர். இடைவெளி 6 மி.மீ., ஆழம் 10 செ.மீ. ஹீட்டருக்கு 8 விநாடி சூடு கொடுத்து, இரண்டு பக்கமும் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பதிவு செய்கிறேன். நீர் கீழே இறங்கினால் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும், கீழ் ஊசி கூடுதலாகச் சூடாகும்.

மழை நின்று பல நாளாகிவிட்டது, ஸ்பிரிங்க்ளரும் ஓடவில்லை. ஆனாலும் இரவு பகல் எந்நேரமும் கீழ் ஊசிதான் சற்றுக் கூடுதலாகச் சூடாகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 5, 6 மி.மீ. நீர் கீழே இறங்குவதாக வருகிறது. நாளைக்கு 130 மி.மீ.! அவ்வளவு தண்ணீர் மண்ணில் இருந்தால் நான் எதற்கு மோட்டார் போடுகிறேன்? எங்கே பார்க்க வேண்டும்?

பூம்பாறை_பூண்டு:
எங்கள் பக்கம் பூண்டுப் பாத்தியில் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தோம். முதலில் வெயிலைச் சந்தேகப்படுங்கள். காலையில் உறைபனி, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். மேல் மண் சூடாகும்போது மேல் ஊசி தானாகவே ஏறும், சாயந்திரம் அப்படியே தலைகீழ். 10 செ.மீ. ஆழத்துக்கு அந்தச் சூடு வந்து சேர மூன்று மணி நேரம் போல ஆகும் என்பதால் எப்போது குழப்பும் என்று சட்டெனப் பிடிபடாது. சூடு கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் பதிவு செய்து, அந்தப் போக்கைக் கழித்துவிடுங்கள்.

கேத்தி_பாத்தி:
கழித்துப் பார்த்தேன் அண்ணா. ஏற்ற இறக்கம் குறைந்தது, ஆனால் 5 மி.மீ. அப்படியே நிற்கிறது.

ஊசிநூல்:
இரவிலும் பகலிலும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் வெயில் அல்ல. எந்த நேரத்து விகிதத்தை எடுக்கிறீர்கள்? கீழ் ஊசி ஏற்றத்தை மேல் ஊசி ஏற்றத்தால் வகுத்து, 20, 40, 60 விநாடியில் தனித்தனியாகப் போடுங்கள். நேரத்தை அந்த 8 விநாடிச் சூட்டுத் துடிப்பின் நடுவிலிருந்து எண்ணுங்கள், தொடக்கத்திலிருந்து அல்ல.

கேத்தி_பாத்தி:
20 முதல் 40 விநாடி வரை சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன். தனியாகப் போட்டால் 20-இல் 1.06, 40-இல் 1.03, 60-இல் 1.02.

ஊசிநூல்:
அப்படியானால் அது நீர் இல்லை, ஊசி.

காரணம் இதுதான். ஹீட்டரிலிருந்து இரண்டு ஊசியும் சம தூரத்தில் இருக்க, நீர் ஓடினால், அந்த விகிதம் நேரத்தோடு மாறவே மாறாது. 20 விநாடியிலும் 60 விநாடியிலும் ஒரே எண்தான் வரும். இடைவெளி பிசகியிருந்தால் மட்டும் விகிதம் முதலில் பெரிதாக இருந்து, நேரம் போகப் போக 1-ஐ நோக்கிச் சரியும். உங்கள் விகிதத்தின் இயற்கை மடக்கையை விநாடியால் பெருக்கிப் பாருங்கள், மூன்று இடத்திலும் 1.2-க்குப் பக்கம் வருகிறது. இதை நான்கு மடங்கு வெப்பப் பரவுதிறனால் (மண்ணில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற அளவு) பெருக்கினால் இரண்டு தூரங்களின் வர்க்க வித்தியாசம் கிடைக்கும். பரவுதிறனை விநாடிக்கு 0.5 சதுர மி.மீ. என்று வைத்து, மேல் ஊசி சரியாக 6-இல் இருக்கிறது என்று கொண்டால், கீழ் ஊசி 5.8 மி.மீ.-இல் நிற்கிறது. 0.2 மி.மீ. வளைவுதான் உங்கள் 130 மி.மீ. மழை.

கரட்டு மண்ணில் ஊசியை அழுத்திச் சொருகினால் இது நடக்கும். சின்னக் கல் ஒன்று போதும்.

கேத்தி_பாத்தி:
அட! சொருகும்போது கீழ்ப்பக்கம் ஏதோ தட்டியது உண்மைதான். எடுத்து நிமிர்த்திவிட்டு மறுபடி வைக்கட்டுமா?

ஊசிநூல்:
நிமிர்த்தினாலும் மறுபடி அளக்காமல் நம்பாதீர்கள். கடையில் கடல்பாசி கிடைக்கும், இனிப்புச் செய்வார்களே, அதுதான். லிட்டருக்குச் சில கிராம் போட்டுக் காய்ச்சி, ஆறி உறைந்த பிறகு சென்சாரை அதில் வையுங்கள். வெப்பக் கணக்குக்கு அது தண்ணீர்தான், ஆனால் உள்ளே சுழற்சி இருக்காது. ஊசிகளின் வெப்பநிலை உச்சம் ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். உச்ச ஏற்றத்திலிருந்து ஒவ்வொரு ஊசியின் தூரமும் தனியாகத் தெரிந்துவிடும்.

மண்ணில் வைத்தபின் இன்னொரு சோதனை: ஒரு முறை மேல் கீழாகத் திருப்பி வையுங்கள். நீர் என்றால் திசை மாறாது. கருவியின் கோளாறு என்றால் நீர் மேலே ஏறுவதாகக் காட்டும்.

அப்புறம், கணக்கில் மண்ணின் வெப்பக் கடத்துதிறனை 1 (வாட்/மீட்டர்·கெல்வின்) என்று நிலையாக வைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மண் ஈரமானால் அது கூடும், இலைமட்கு நிறைந்த கருமண்ணில் குறையும். அதே துடிப்பின் உச்ச உயரமும் உச்ச நேரமும் இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடலாம்.

வறட்டுகேள்வி:
இவ்வளவு பாடுபட்டு அளந்தாலும் இந்த முறைக்கு ஒரு கீழ் வரம்பு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே. கடத்துதிறன் 1, இடைவெளி 6 மி.மீ. என்றால் விகிதத்தில் ஒரு சதவீதம் மணிக்குச் சுமார் 1.4 மி.மீ. நீருக்குச் சமம். மொத்த ஏற்றமே அரை டிகிரி என்றால், ஒரு சதவீதம் 0.005 டிகிரி. பனிமூட்டத்தில் சொட்டுகிற நீரையும் மழை முடிந்தபின் மெதுவாக வடிவதையும் இது காணாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதோ ஸ்பிரிங்க்ளர் ஓடும்போதோ பார்க்கத்தான் லாயக்கு. மெதுவான வடிகாலுக்கு டென்சியோமீட்டர் (மண் நீரைப் பிடித்திருக்கும் இழுவிசையை அளக்கும் கருவி) வையுங்கள்.

ஊசிநூல்:
ஒத்துக்கொள்கிறேன். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கம் மண்சரிவுகள் ஏற்பட்ட மாதிரி சமயத்தில்தான் இந்தக் கருவிக்கு வேலை. சாதாரண நாளில் பூஜ்யம் காட்டினால் போதும்.

கேத்தி_பாத்தி:
கடல்பாசியில் வைத்து இரண்டு தூரத்தையும் எடுத்து நிரலில் போட்டுவிட்டேன். பக்கவாட்டில் குழி வெட்டி, முதலில் வெறும் ஊசியால் துளையிட்டு அப்புறம் சொருகினேன். வறண்ட மண்ணில் இப்போது மணிக்கு அரை மி.மீ.-க்கும் கீழே அங்கும் இங்கும் ஆடுகிறது. நேற்று ஸ்பிரிங்க்ளர் போட்டதும் மணிக்கு 7 மி.மீ. வந்தது, 20-இலும் 60-இலும் ஒரே விகிதம். ஆனால் மோட்டார் நிறுத்தியதும் கொஞ்ச நேரம் 9 வரை ஏறியது. இது நிஜமா?

பூம்பாறை_பூண்டு:
கேபிளைப் பாருங்கள் தம்பி. மேலிருந்து நேராக இறங்கினால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே ஊசிக்கு வரும். சென்சாருக்குக் கீழே ஒரு வளையம் இறக்கி, பிறகு மேலேற்றுங்கள். வெட்டிய குழியையும் அடுக்கடுக்காக மிதித்து மூடுங்கள். தளர்ந்து கிடந்தால் பாத்தித் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்கும்.